நாற்பது நிலையங்களுக்கு ஒரே மீடிறன்: குடாநாட்டில் மோதலின்றி வானொலித் தரவு அனுப்ப ஒரு முழுமையான வழிகாட்டி

கிணற்று நீர்மட்டம், மழைவீழ்ச்சி, கடல்நீரேரி ஓரத்துத் தோட்டங்களில் ஏறும் உவர். இவற்றை யாழ். குடாநாட்டின் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் எங்கும் தானாக அளந்து ஓர் இடத்தில் சேர்க்க நினைக்கும் பாடசாலை விஞ்ஞான மன்றங்களுக்காகவும், விவசாய அமைப்புகளுக்காகவும், வானொலி ஆர்வலர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சாதாரண நாளில் கைத்தொலைபேசி வலையமைப்பு இந்த வேலையைச் செய்துவிடும். 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டிய மழை போன்ற ஒன்று மறுபடி வந்தால், மின்சாரம் நின்று, கோபுரங்களின் பற்றரிகளும் இறங்கிய பின் என்ன செய்வது? அப்போது கைகொடுக்கக்கூடியது நாமே நடத்தும் சிறு வானொலி வலை. ஆனால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மீடிறன். அதில் நாற்பது நிலையங்கள் பேச வேண்டும்.

இரண்டு நிலையங்கள் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டின் செய்தியும் கெடும். இதைத்தான் மோதல் என்கிறோம். மோதல் நிகழ்வது அனுப்புபவரின் இடத்தில் அல்ல, கேட்பவரின் அன்ரனாவில். கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் அடிப்படை இதுதான்.

தொடங்கும் முன் அனுமதி வேண்டும். இலங்கையில் வானொலி அலைகளை ஒழுங்குபடுத்துவது, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. எந்த மீடிறன், எத்தனை வாற்று, ஆளில்லாமல் தானாக அனுப்பலாமா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி உள்ள ஆர்வலர் ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால் பாதி வழி இலகுவாகிவிடும்.

இந்த வழிகாட்டியில் நான் எடுத்துக்கொள்ளும் மாதிரி இது: சாதாரண வி.எச்.எப். கைவானொலிகள், ஏஎக்ஸ்.25 எனும் ஆர்வலர் வானொலி முறையிலான தரவுப் பொதிகள் (ஒரே மூச்சில் அனுப்பும் சிறு செய்திகள்), செக்கனுக்கு 1200 பிற் வேகம். பழைய முறைதான். மலிவானது, ஊரிலேயே திருத்தக்கூடியது, காதாலேயே பரிசோதிக்கக்கூடியது. குறைந்த வலுவில் நீண்ட தூரம் தரவு அனுப்பும் லோரா சில்லுகளைப் பயன்படுத்துவோருக்கும் கணக்கு இதேதான். அவற்றுக்கான எண்களையும் இடையில் தருகிறேன்.

முதல் படி: பேச்சைச் சுருக்குங்கள்

மோதலைக் குறைக்கப் பணம் செலவில்லாத வழி, குறைவாகப் பேசுவது. ஒரு பொதி காற்றில் இருக்கும் நேரத்தை மில்லிசெக்கன் கணக்கில் எழுதிப் பாருங்கள்.

ஏஎக்ஸ்.25 பொதியில் முகவரிகள், கட்டுப்பாட்டுப் பைற்றுகள், பிழை காணும் பகுதி, தொடக்க முடிவுக் கொடிகள் என்று 20 பைற்று அளவில் போய்விடும். நமது தரவுக்கு 40 பைற்று எடுத்தால் மொத்தம் 60 பைற்று, அதாவது 480 பிற். 1200 பிற் வேகத்தில் அது 0.4 செக்கன். ஆனால் வானொலி அனுப்பும் நிலைக்கு மாறி நிலைப்பட்ட பின்னரே தரவைத் தொடங்கலாம். மலிவான கைவானொலிகளுக்கு இதற்கு 0.3 செக்கன் வரை கொடுக்க வேண்டியிருக்கிறது. இறுதியில் ஒரு சிறு வாலையும் சேர்த்தால் ஒரு பொதிக்கு 0.75 செக்கன். செய்திக்கு ஆகும் நேரமும் அதற்கான ஆயத்தத்துக்கு ஆகும் நேரமும் ஏறத்தாழச் சமம் என்பதைக் கவனியுங்கள்.

நிலையத்தின் பெயரைத் தமிழில் பொதிக்குள் எழுத வேண்டும் என்று மாணவர்கள் ஆசைப்படுவார்கள். ‘நெடுந்தீவு’ என்ற சொல் யூனிகோட் யூடிஎப்-8 முறையில் 30 பைற்று, காற்றில் 0.2 செக்கன். அதற்குப் பதில் நிலைய எண்ணை ஒரே பைற்றில் அனுப்புங்கள். எல்லாத் தரவும் வந்து சேரும் மையத்தில் உள்ள கணினி அந்த எண்ணைப் பார்த்து அழகான தமிழில் பெயரைத் திரையில் காட்டட்டும். தமிழுக்கு உரிய இடம் மக்கள் பார்க்கும் திரை. காற்றில் எண் போதும்.

இன்னொன்று, பலரும் தவறவிடுவது. மழைமானியிலிருந்து ‘கடந்த பத்து நிமிடத்தில் பெய்தது’ என்று அனுப்பாதீர்கள். அந்தப் பொதி தொலைந்தால் அந்தப் பத்து நிமிட மழையும் தொலைந்துபோகும். மழைமானிக்குள் இருக்கும் சிறு வாளி நிரம்பிக் கவிழ்ந்த மொத்த எண்ணிக்கையை, பூச்சியத்துக்குத் திருப்பாமல், ஏறுமுகமாக அனுப்புங்கள். இடையில் மூன்று பொதிகள் கெட்டாலும் நான்காவது வந்து கணக்கைச் சரிசெய்துவிடும். தொலைந்ததை மறுபடி கேட்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது, அதனால் அலைவரிசையில் நெரிசலும் குறையும்.

லோராவில் இருப்பவர்களுக்கு: 125 கிலோஹேர்ட்ஸ் அகலத்தில் 20 பைற்றுப் பொதி, பரவல் காரணி (கூட்டினால் தூரம் கூடும், வேகம் குறையும்) 7இல் ஏறத்தாழ 57 மில்லிசெக்கன் எடுக்கும். அதே பொதி காரணி 12இல் 1.3 செக்கனுக்கு மேல் போகும். இருபது மடங்குக்கும் அதிகம். ‘தூரம் போகட்டும்’ என்று எல்லா நிலையங்களையும் 12இல் வைப்பது அலைவரிசையை நிரப்பும் குறுக்குவழி. அன்ரனாவை உயர்த்தி, காரணி எண்ணைக் குறையுங்கள்.

இரண்டாம் படி: சுமையைக் கணக்கிடுங்கள்

நாற்பது நிலையங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு பொதி. 40ஐ 0.75ஆல் பெருக்கினால் 30 செக்கன். 600 செக்கனில் 30 என்பது 5 சதவீதச் சுமை. யாரும் யாரையும் கேட்காமல், நினைத்த நேரத்தில் அனுப்பினாலும் பத்தில் ஒன்பது பொதிகள் போய்ச் சேரும். பலர் இந்த நிலையில் பரிசோதித்து, எல்லாம் சரி என்று முடிவுகட்டி விடுகிறார்கள்.

இனி மாரியில் அடைமழை. வெள்ளம் ஏறுகிறது, நிமிடத்துக்கு ஒரு முறை தகவல் வேண்டும் என்கிறோம். இப்போது 60 செக்கனில் 30 செக்கன் பேச்சு. சுமை 50 சதவீதம். பாதி நேரம் காலியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் எழுமாறாக அனுப்பும்போது ஒரு பொதி தப்பிப் பிழைக்கும் நிகழ்தகவு 37 சதவீதம்தான். ஏனென்றால் அந்தப் பொதி போய்க்கொண்டிருக்கும்போது மற்றொன்று தொடங்கினாலும் கெடும். அது தொடங்கும் முன்னரே புறப்பட்ட ஒன்று இன்னும் முடியாமல் இருந்தாலும் கெடும். ஆபத்துக்கு உள்ளாகும் நேரம் பொதியின் நீளத்தைப் போல இரு மடங்கு.

இந்தக் கணக்கின் பிறப்பிடமும் தீவுகள்தான். ஹவாய் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனின் குழு 1971 ஜூனில் இயக்கிய அலோஹா வலை, தீவுகளில் இருந்த முனையங்களை வானொலி மூலம் ஒரு மையக் கணினியோடு இணைத்தது. அங்கே கண்ட உச்ச வரம்பு 18.4 சதவீதம்: அலைவரிசையின் நேரத்தில் அதற்கு மேல் பயனுள்ள செய்தியாக மாறாது. எல்லாரும் பொதுவான நேரக்கூறின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்ப வேண்டும் என்று லோரன்ஸ் ரொபர்ட்ஸ் 1972இல் சொன்ன திருத்தம் அதை 36.8 ஆக்கியது.

நமது மழைநாள் சுமை சரியாக அந்த உச்சியில் நிற்கிறது. அங்கிருந்து மேலே தள்ளினால் பயன் கூடாது, குறையும். சேராத பொதிகளை நிலையங்கள் மறுபடி அனுப்பத் தொடங்கினால் சுமை ஏறும். சுமை ஏறினால் மேலும் கெடும். எந்த நாளுக்காக வலையைக் கட்டினோமோ அந்த நாளிலேயே அது அடைத்துக்கொள்ளும். ஆகவே வெயில் நாளின் சுமைக்கு அல்ல, புயல் நாளின் சுமைக்கு வடிவமையுங்கள்.

மூன்றாம் படி: யார் யாரைக் கேட்கிறார்கள்?

‘பேசும் முன் கேள்’ என்பது வானொலியில் பாலபாடம். அது போதும் என்று நம்பினால் குடாநாட்டில் ஏமாற்றம் கிடைக்கும். இந்தப் படிக்கு ஒரு முழு வார இறுதியை ஒதுக்குங்கள்.

நமது நிலம் தட்டை. ஏறி நிற்க மலை இல்லை. வி.எச்.எப். அலை எட்டும் தொலைவுக்கு ஒரு எளிய வாய்பாடு உண்டு: இரு அன்ரனா உயரங்களின், மீற்றரில், வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் கிலோமீற்றர் வரும். இரு பக்கமும் 10 மீற்றர்க் கம்பம் என்றால் 26 கிலோமீற்றர். ஒரு பக்கம் 40 மீற்றர்க் கோபுரம் என்றால் 39 கிலோமீற்றர்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். யாழ். நகரிலிருந்து நேர்கோட்டில் பருத்தித்துறை 30 கிலோமீற்றர் அளவில், நெடுந்தீவு 35 கிலோமீற்றர் அளவில். நகரில் 40 மீற்றர் உயரத்தில் மைய அன்ரனா இருந்தால் இரண்டையும் கேட்கும். ஆனால் பருத்தித்துறைக்கும் நெடுந்தீவுக்கும் இடையே 60 கிலோமீற்றருக்கு மேல். பருத்தித்துறை எவ்வளவு பொறுமையாகக் காதுகொடுத்தாலும் நெடுந்தீவு பேசுவது அதற்குக் கேட்காது. அலைவரிசை காலி என்று எண்ணி அனுப்பும். நகரில் இரண்டும் மோதும். இருவரும் ஒழுங்காகவே நடந்தார்கள், ஆனாலும் செய்தி கெட்டது. இதை மறைந்த நிலையச் சிக்கல் என்பார்கள். 1975இல் ரொபாகியும் கிளைன்ரொக்கும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள்.

அந்த வார இறுதியில் செய்ய வேண்டியது இது. நிலையங்களை ஒவ்வொன்றாக ஒரு நிமிடம் பரிசோதனைப் பொதிகள் அனுப்ப வையுங்கள். மற்ற எல்லா நிலையங்களும் தமக்குக் கேட்டதைப் பதியட்டும். நாற்பதுக்கு நாற்பது கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்று வரும். அதில் காலியாக இருக்கும் ஒவ்வொரு கட்டமும் கேட்டுப் பேசும் முறை தோற்கும் ஒரு சோடி. பனங்கூடல்களும் ஈரமான இலைகளும் அலையை விழுங்குவதால், மழைக்குப் பின் இதே சோதனையை மறுபடி செய்து பார்ப்பது நல்லது. கணக்கில் கேட்க வேண்டிய பல சோடிகள் களத்தில் கேட்காது.

இங்கே ஒரு பொய்யான தீர்வைப் பற்றி எச்சரிக்க வேண்டும். குறித்த ஒலிக்குறியோடு வரும் அலைக்கு மட்டும் ஒலிபெருக்கியைத் திறக்கும் ‘ஒலிக்குறி பூட்டு’ போட்டால் மற்றவர் தொல்லை இருக்காது என்று வானொலி விற்பவர்கள் சிலர் சொல்வார்கள். அந்தப் பூட்டு மற்றவரின் பேச்சை உங்கள் ஒலிபெருக்கியில் மறைக்கும். அலையில் இருக்கும் மோதலைத் தடுக்காது. அலைவரிசை காலியா என்று பார்க்க வேண்டிய நிலையத்தையே அது செவிடாக்குகிறது. தரவு நிலையங்களில் அதை நிறுத்திவையுங்கள்.

நான்காம் படி: கேட்டுப் பேசும் முறையைச் சரியாக அமையுங்கள்

நிலையங்கள் பத்துக்குக் குறைவு, எல்லாரும் எல்லாரையும் கேட்கிறார்கள் என்றால் இந்தப் படியோடு நிறுத்திக்கொள்ளலாம். காரைநகருக்குள் மட்டும் அமையும் சிறு வலைக்கு இது தாராளம்.

அலைவரிசையில் ஒருவர் பேசி முடித்தவுடன், காத்திருந்த எல்லாரும் ஒரே கணத்தில் பாய்வார்கள். அதைத் தடுக்கவே பொதி வானொலி மென்பொருள்களில் நிகழ்தகவு, காத்திருப்புக்கூறு என இரு அமைப்புகள் இருக்கின்றன. அலைவரிசை காலியானதும் நிலையம் மனதுக்குள் ஒரு சீட்டுப் போடும். விழுந்தால் அனுப்பும், விழாவிட்டால் ஒரு கூறு காத்திருந்து மறுபடி போடும். கணினியையும் பொதிக் கருவியையும் இணைக்கும் கிஸ் முறையில் இந்த நிகழ்தகவின் வழக்கமான மதிப்பு 63. அதன் பொருள் 0.25, அதாவது நான்கில் ஒரு வாய்ப்பு. நான்கு பேர் காத்திருக்கும் இடத்தில் அது சரி. பத்துப் பேர் காத்திருந்தால் ஒரே ஒருவர் மட்டும் எழுந்து பேசும் நிகழ்தகவு 19 சதவீதமாக இறங்கிவிடும். அங்கே மதிப்பை 25 ஆக்குங்கள், அது 0.1, நிகழ்தகவு 39 சதவீதத்துக்கு ஏறும். காத்திருப்பவர் எத்தனையோ, அதன் தலைகீழே நல்ல மதிப்பு.

காத்திருப்புக்கூறின் வழக்கமான அளவு 100 மில்லிசெக்கன். மலிவான கைவானொலிகளுக்கு இது போதாது. பக்கத்து நிலையம் அழுத்தியதும் அதன் அலை வெளியே வந்து, உங்கள் கருவி அதை உணர்வதற்கு 200, 300 மில்லிசெக்கன் ஆகலாம். அந்த இடைவெளியில் உங்கள் கருவிக்கு அலைவரிசை காலியாகவே தெரியும். கூறை 300 ஆக்குங்கள். அலை இல்லாதபோது இரைச்சலை மறைக்கும் சத்த அடைப்பையும் திறந்தே வைத்து, தரவு இருக்கிறதா என்பதை மென்பொருள் தீர்மானிக்கட்டும். அடைப்பு திறப்பதற்கே நேரம் வீணாகிறது.

அனுப்பும் முன் அனுமதி கேட்டு, மையம் ‘அனுப்பு’ என்ற பின் பேசும் முறை ஒன்றும் உண்டு. பில் கார்ன் 1990இல் ஆர்வலர் வானொலிக்காக முன்வைத்தது. இன்றைய வைபையிலும் அதன் வடிவம் இருக்கிறது. மறைந்த நிலையச் சிக்கலுக்கு அது நேர்த்தியான விடை. ஆனால் நமது பொதி 60 பைற்று. அனுமதி கேட்கும் பொதியே ஏறத்தாழ அந்த நேரத்தை எடுக்கும், அதுவும் மோதும். நீண்ட கோப்பு அனுப்புபவர்களுக்கு விட்டுவிடுவோம்.

ஐந்தாம் படி: முறை வைத்துப் பேசுங்கள்

குடாநாட்டில் பரந்து கிடக்கும் வலைக்கு என் தெரிவு இதுதான், வேறொன்றைப் பரிந்துரைக்க மாட்டேன். பங்குக் கிணற்றில் தோட்டக்காரர்கள் இறைப்பு முறை வைத்துக்கொள்வதைப் போல, ஒவ்வொரு நிலையத்துக்கும் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவது. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தன் முறை வந்தால் பேசு, முடிந்தால் நிறுத்து.

கணக்கைப் பாருங்கள். ஒரு பொதிக்கு 0.75 செக்கன். 0.25 செக்கன் காவல் இடைவெளி சேர்த்து ஒரு நிலையத்துக்கு ஒரு செக்கன். நாற்பது நிலையங்களுக்கு 40 செக்கன். எழுமாறாக அனுப்பி மூன்றில் இரண்டு பொதியை இழந்த அதே மழைநாள் வேகத்தில், அதே வானொலிகளோடு, அனைவரும் நிமிடத்துக்கு ஒரு முறை பேசி முடித்து 20 செக்கன் மீதியாக இருக்கிறது.

அந்த நிமிடத்தை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் 2 செக்கன் மையத்துக்கு. 2 முதல் 42 வரை நாற்பது முறைகள். 42 முதல் 57 வரை பதினைந்து திறந்த கூறுகள். கடைசி 3 செக்கன் முழு அமைதி. அதில் மையம் சத்த அளவையும் வெளியார் யாராவது அலைவரிசையில் இருக்கிறார்களா என்பதையும் அளக்கும்.

மையத்தின் முதல் 2 செக்கனில் ஒரே பொதி மூன்று வேலை செய்யும். எல்லாக் கடிகாரங்களுக்கும் நேரம் சொல்லும். கடந்த நிமிடத்தில் எந்த எந்த நிலையத்தின் பொதி தனக்குக் கிடைத்தது என்பதை நிலையத்துக்கு ஒரு பிற் வீதம், 40 பிற், அதாவது வெறும் 5 பைற்றில் சொல்லும். நாற்பது நிலையங்களுக்கும் தனித்தனியாகக் ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்பியிருந்தால் இன்னொரு 30 செக்கன் போயிருக்கும். மூன்றாவதாக, பத்து நிமிடத்துக்கு ஒரு முறையா, நிமிடத்துக்கு ஒரு முறையா என்ற கட்டளையையும் அதே பொதி கொண்டுபோகும்.

கடிகாரம் பற்றிக் கேட்பார்கள். சாதாரணப் பளிங்குக் கடிகாரம் பத்து இலட்சத்தில் 20 பங்கு பிசகினால் ஒரு நாளில் 1.7 செக்கன் விலகும். தன்பாட்டில் விட்டால் ஒரே நாளில் அடுத்தவரின் முறைக்குள் போய்விடும். ஆனால் நிமிடத்துக்கு ஒரு முறை மையத்தின் குரலைக் கேட்டுத் திருத்தினால் விலகல் ஒரு மில்லிசெக்கனைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அலை 35 கிலோமீற்றர் பயணிக்க எடுப்பது 0.12 மில்லிசெக்கன், அதைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை. கால் செக்கன் காவல் இடைவெளி முழுக்க முழுக்க வானொலிகளின் மந்தத்துக்காக. ஜிபிஎஸ் தொகுதி வைக்க வசதி இருந்தால் மையம் விழுந்தாலும் முறை குலையாது. தீவக நிலையங்களுக்காவது வையுங்கள்.

மையத்தின் நேரத்தைத் தொடர்ந்து பத்து நிமிடம் கேட்காத நிலையம், ஜிபிஎஸ்ஸும் இல்லாவிட்டால், வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். அனுமானத்தில் பேசக் கூடாது. இந்த விதியை நிரலில் கட்டாயம் எழுதுங்கள்.

திறந்த கூறுகள் பதினைந்தும் எதற்கு? தன் பொதி கிடைக்கவில்லை என்று அறிந்த நிலையம், புதிதாகச் சேரும் நிலையம், நீர்மட்டம் திடீரென எல்லையைத் தாண்டியதால் அடுத்த முறைவரை காத்திருக்க முடியாத நிலையம் ஆகியவை இங்கே எழுமாறாக ஒரு கூறைத் தேர்ந்து பேசலாம். ஐந்து பேர் ஒரே நிமிடத்தில் வந்தால் ஒருவர் தப்பும் நிகழ்தகவு 76 சதவீதம். பதினைந்து பேர் வந்தால் 38. ஆகவே இரண்டு தரம் தோற்ற நிலையம் ஒன்று முதல் நான்கு நிமிடத்துக்குள் எழுமாறாகப் பின்வாங்கட்டும். மறுபடி தோற்றால் எட்டு. அதற்கு மேல் தொடர வேண்டாம், ஏறுமுக எண்ணிக்கை எப்படியும் அடுத்த முறையில் வந்துவிடும்.

கடலில் இது புதிதல்ல. காங்கேசன்துறைக்கு வரும் கப்பல்கள் தம் இடத்தைத் தானாக அறிவிக்கும் ஏஐஎஸ் கருவிகள் 161.975, 162.025 மெகாஹேர்ட்ஸ் என்ற இரண்டே மீடிறன்களைப் பங்கிடுகின்றன. ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 2250 கூறுகள், ஒரு கூறு 26.67 மில்லிசெக்கன். ‘அடுத்து நான் எந்தக் கூறில் பேசுவேன்’ என்று ஒவ்வொரு கப்பலும் முன்கூட்டியே சொல்லிவைப்பதால் மையமே இல்லாமல் முறை நடக்கிறது. நிலையங்கள் நகர்ந்துகொண்டிருந்தால் அந்த வழி நல்லது. கிணறு நகராது, நமக்கு எளிய அட்டவணை போதும்.

ஆறாம் படி: தொலைவில் இருப்பவரைக் காப்பாற்றுங்கள்

எப்.எம். வாங்கிக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு அலைகள் சேர்ந்து வந்தால் வலியதைப் பிடித்துக்கொண்டு மெலியதை முற்றாக விழுங்கும். கோப்பாய் நிலையம் மையத்திலிருந்து 5 கிலோமீற்றர் அளவில், நெடுந்தீவு 35. தொலைவு ஏழு மடங்கு என்றால் வலு, திறந்தவெளிக் கணக்கிலேயே, 49 மடங்கு வேறுபடும். இரண்டும் மோதும்போது கோப்பாயின் பொதி சேதமில்லாமல் கிடைக்கும். நெடுந்தீவு எப்போதும் தோற்கும். கோப்பாயில் வெள்ளம் வந்தால் யாராவது துவிச்சக்கரவண்டியில் வந்தாவது சொல்லிவிடுவார்கள். காற்று நாளில் படகு ஓடாத நெடுந்தீவின் செய்திக்கு வேறு வழி இல்லை. சராசரியைப் பார்த்து ‘95 சதவீதம் வருகிறது’ என்று மகிழ்ந்தால், வராத அந்த 5 சதவீதம் முழுவதும் தீவகமாக இருக்கலாம். நிலையவாரியாகப் பாருங்கள்.

மருந்து இரண்டு. மையத்துக்கு அருகில் இருப்பவர்களை 5 வாற்றிலிருந்து 1 வாற்றுக்கு இறக்குங்கள்; தெளிவாகக் கேட்கும் நிலையத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. தொலைவில் இருப்பவர்களுக்கு நகரை நோக்கித் திருப்பிய ஐந்து உறுப்பு யாகி அன்ரனா கொடுங்கள். வலு ஆறு மடங்கு அளவில் கூடும். இரண்டையும் சேர்த்தால் 49 மடங்கு வித்தியாசத்தில் 30 மடங்கு அடைபட்டுவிடும். திறந்த கூறுகளிலும் பாதியைத் தீவக நிலையங்களுக்கே ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்குவேன்.

கடல் அமைதியான வெப்பநாள் இரவுகளில் பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து தமிழ்நாட்டுக் கரை நிலையங்களின் அலைகள் இங்கே தெளிவாக வந்து விழும். கேட்டுப் பேசும் வலை அப்போது ‘யாரோ பேசுகிறார்’ என்று நினைத்து மணிக்கணக்காக மௌனமாகிவிடும். முறை வைத்த வலை தன்பாட்டில் ஓடும். அந்தக் கடைசி 3 செக்கன் அமைதியில் மையம் அளந்த எண்கள் எந்த இரவில் இது நடந்தது என்று காட்டும்.

ஏழாம் படி: மின்சாரம் திரும்பி வரும் கணம்

மின்தடை முடிந்து வெளிச்சம் வந்ததும் நாற்பது கருவிகளும் ஒரே செக்கனில் விழித்தெழும். ஒவ்வொன்றும் ‘விழித்த கணத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை’ என்று எழுதப்பட்டிருந்தால், அவை முதல் பொதியில் மோதும், பத்து நிமிடம் கழித்து மறுபடி மோதும், கடிகாரங்கள் மெல்ல விலகும்வரை மோதிக்கொண்டே இருக்கும். 5 சதவீதச் சுமையில் எல்லாம் சரி என்று கணக்குச் சொன்னதே, அது எழுமாறாக அனுப்பும்போது மட்டும்தான். விழித்த நிலையம் முதலில் கேட்க வேண்டும். மையத்தின் குரல் கிடைத்த பின்னரே தன் முறையில் பேச வேண்டும். முறை வைக்காத வலையாக இருந்தால் தொடக்கத்தில் எழுமாறான தாமதமும், ஒவ்வொரு இடைவெளியிலும் சிறு எழுமாறான மாற்றமும் சேருங்கள்.

இதைவிடக் கொடியது அனுப்பும் பொத்தான் சிக்கிக்கொள்வது. ஈரம் புகுந்தோ நிரல் உறைந்தோ ஒரு நிலையம் ஓயாமல் அலையை வெளியிட்டால் முழு வலையும் செத்துவிடும். வானொலியின் அமைப்புப் பட்டியலில் உள்ள நேர வரம்பு பெரும்பாலும் 15 அல்லது 30 செக்கனில் இருந்துதான் தொடங்கும். நமக்கு அது மிக நீளம். கட்டுப்பாட்டுக் கருவிக்கு வெளியே, 2 செக்கனுக்கு மேல் அனுப்பினால் அழுத்தும் கம்பியைத் துண்டிக்கும் தனிச் சுற்று ஒன்றை ஒவ்வொரு பெட்டியிலும் வையுங்கள். ஒரு கொள்ளளவி, ஒரு தடை, ஒரு திரான்சிஸ்டர் போதும். நிரலை நம்பி இதை விட்டுவிடாதீர்கள், உறைவது நிரல்தான்.

எட்டாம் படி: மோதலைக் காதால் அறியுங்கள்

மையத்தில் ஒரு ஒலிபெருக்கியை எப்போதும் திறந்து வையுங்கள். 1200 பிற் பொதி 1200, 2200 ஹேர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளுக்கு இடையே மாறி மாறிச் செல்வது. நல்ல பொதி சுத்தமான, ஒரே சீரான சிறு கீச்சொலியாக வந்து வெட்டினாற்போல் முடியும். மோதிய பொதியில் அந்தச் சீர் இருக்காது. கரகரப்பு ஏறும், நடுவில் தொனி மாறும், முடிவு வழக்கத்தைவிட நீண்டு இழுபடும். சில நாட்களில் மாணவர்களின் காது இதற்குப் பழகிவிடும். எத்தனையாவது செக்கனில் கரகரத்தது என்று பார்த்தால் போதும்: 17ஆம் செக்கனில் என்றால் அந்த முறைக்கு உரியவரும் அவருக்கு முன்னவரும்தான் சந்தேகத்துக்கு உரியவர்கள். முன்னவரின் கடிகாரம் பிந்துகிறது, அல்லது பொதி நீண்டுவிட்டது.

கணினியிலும் இதை எண்ணிவையுங்கள். அலை இருந்தது, ஆனால் பிழைச் சோதனையில் தேறிய பொதி வரவில்லை என்ற நேரத்தைக் கூட்டினால் அதுவே உங்கள் மோதல் அளவீடு. வெளிச் சத்தமும் அதில் கலக்கும், ஆனாலும் நாளுக்கு நாள் ஒப்பிட அது போதும்.

அனர்த்த நேரத்தில் இதே தொண்டர்கள் குரலாலும் பேசுவார்கள். தரவு மீடிறனில் குரலைக் கலக்காதீர்கள். தனி மீடிறன் எடுங்கள். அங்கும் ஒருவர் வலையை நடத்த, பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் மட்டும் பேச வேண்டும். பொத்தானை அழுத்தியதும் ஒரு செக்கன் காத்திருந்து பேசுங்கள். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் இரண்டு செக்கன் இடைவெளி விடுங்கள். அவசரச் செய்தி உள்ளவர் நுழைய அந்த இடைவெளிதான் வாசல். கடற்றொழிலாளர்கள் 156.8 மெகாஹேர்ட்சில் உள்ள 16ஆம் அலைவரிசையில் அழைத்து, பதில் கிடைத்ததும் வேறு அலைவரிசைக்கு மாறிப் பேசுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

நாற்பத்தோராவது நிலையம் வந்தால்

அட்டவணையை விரிக்க அவசரப்படாதீர்கள். திறந்த கூறு ஒன்றை எடுத்து அதற்குக் கொடுங்கள். பதினைந்து பதினான்காகும், பெரிய இழப்பில்லை. ஐம்பதாவது வரை இப்படி ஓட்டலாம், அப்போதும் ஐந்து கூறுகள் மீதியாக இருக்கும். ஆனால் கிடைத்ததைச் சொல்லும் 5 பைற்றில் 40 நிலையங்களுக்குத்தான் இடம் உண்டு. தொடக்கத்திலேயே 8 பைற்று வைத்து 64 நிலையங்களுக்கு இடம் விட்டுவிடுங்கள். பின்னர் எல்லாப் பெட்டிகளின் நிரலையும் மாற்ற நெடுந்தீவுக்குப் படகேற வேண்டியிராது.

ஐம்பதைத் தாண்டினால், மழை நேரத்திலும் எந்த அளவீடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பாருங்கள். வெள்ளம் வேகமாக ஏறும் இடங்களுக்கு நிமிடத்துக்கு ஒரு முறை. கிணற்று நீர்மட்டம் அளப்பவற்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. ஐந்து கிணற்று நிலையங்கள் ஒரே முறையைப் பகிர்ந்துகொள்ளலாம்: நிமிட எண்ணை ஐந்தால் வகுத்து வரும் மீதி எந்த எண்ணோ, அந்த எண்ணுக்கு உரிய நிலையம் அந்த நிமிடத்தில் பேசட்டும்.